கடல்குதிரை மாதாவும் லெப்டினன்ட் பாஸ்கோம்பும்

2025 ஜூன் 11, புதன்

நாளை அலுவலகத்துக்கு லீவு. காரணம் என்ற இடத்தில் "குடும்ப அவசரம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவசரம் சிசிலிக்கு. மகள் ஜெஸ்மிக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது, மாதா பதக்கத்தின் வளையமோ இன்னும் உடைந்தே கிடக்கிறது.

சிசிலி பொழியூர்க் கடற்கரையிலிருந்து கொல்லயிலுக்கு என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் இன்றும் வேலை செய்வது இந்தப் பதக்கம் ஒன்றுதான். மிக்ஸி போயிற்று. கட்டிலைச் செல்லரித்தது. மாப்பிள்ளையும் அவ்வளவு சொல்லும்படி இல்லை.

பழைய ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி வட்டம். ஒரு பக்கம் கொண்டை போட்ட மாதாவின் தலை. மறுபக்கம் பாதி குதிரை, பாதி மீன்; அதன் முதுகில் மாதா, கையில் மூன்று கிளை விட்ட கோல். சுற்றியிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. கடல்குதிரை மாதா என்று பெயர். சிசிலியின் பாட்டன் பூட்டன் யாரோ ஒருவர் வலையில் விழுந்த சுறாவின் வயிற்றில் கண்டெடுத்தாராம். பிரசவ வலி கண்டவுடன் பதக்கத்தைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த வீட்டுக்காரர் வந்து கேட்டாலும் சிசிலி கொடுப்பாள். சாதி மதம் கிடையாது. ஒரே நிபந்தனை, பிள்ளை பிறந்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஜெஸ்மிக்குப் போன முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பூனை குறுக்கே போனால் அதைத் தூக்கிக் கொஞ்சுகிற ரகம். அவளே நேற்று போனில் அம்மாவிடம் சொன்னாள்: "அது கையில கெடந்தா நான் பேடிக்க மாட்டேன்மா, பயமே வராது. வேற ஒண்ணும் கேக்காத."

வளையத்தை ஒட்டிக்கொண்டு வர நாளை உதியன்குளங்கரை போக வேண்டும்.

ஜூன் 12

கடவுளே. எழுதலாமா கூடாதா? இந்த நோட்டை சிசிலி படிப்பதில்லை. என் கையெழுத்தைப் படிக்க முடியாதது முதல்முறையாக எனக்கு நன்மையாகிறது.

நகைப்பணி செய்யும் கனகதாஸ் வளையத்தை ஒட்டுவதற்காகப் பதக்கத்தைச் சுற்றியிருந்த பழைய வெள்ளிச் சட்டத்தைக் கழற்றினார். சட்டம் மூடியிருந்ததால் பதக்கத்தின் விளிம்பு மட்டும் தேயாமல் இருந்திருக்கிறது. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓய் ததேயூஸு, ஒங்க மாதாவுக்கு மீச உண்டுமா?"

"என்ன வே ஒளறுதீரு?"

"வெளிம்புல ஆம்பிள பேரு வெட்டியிருக்கு ஓய். இங்கிலீசாக்கும்."

எழுத்துக்கூட்டி வாசித்தோம். என். பாஸ்கோம்ப், மிட்ஷிப்மன்.

மாதாவின் சொந்தக்காரர்களில் பாஸ்கோம்ப் என்று யாரும் இருந்ததாக நான் ஞாயிறு மறைக்கல்வியில் படிக்கவில்லை.

ஜூன் 14, சனி

அடுத்த வீட்டு சத்யபாமா டீச்சர் முப்பது வருடம் வரலாறு நடத்தியவர். சட்டைப்பைக்குள் மறைத்து எடுத்துப் போய்க் காட்டினேன். கம்ப்யூட்டரில் ஏதேதோ தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாணவனைப் பெயிலாக்கும் முன் இப்படித்தான் வைப்பாராக இருக்கும்.

"ததேயூஸே, இது பிரிட்டிஷ் கடற்படைப் பதக்கம். கொண்ட போட்டிருக்கது விக்டோரியா ராணி. குதிரமேல இருக்கவ பிரிட்டானியா. அவங்க நாட்டையே ஒரு பொண்ணா வரஞ்சு வச்சிருக்கான்."

"அப்போ இம்புட்டு காலமும் பொழியூர்ப் பொண்ணுங்க ராணிய முக்கின வெள்ளத்தக் குடிச்சா பெத்தாங்க?"

"சுதந்திரம் கெடச்ச பெறவுமா?"

"டீச்சரே, எங்க ஜெஸ்மி தொண்ணூத்தேழு. பொன்விழா வருஷம்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் வாசல் நாய் எழுந்து போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று முகத்தை இறுக்கினார். "எப்பிடியானாலும் ஜெஸ்மி பெத்து எழும்புற வர இது வெளிய போவப்பிடாது. அந்தக் கொச்சு இதப் பிடிச்சுக்கிட்டாக்கும் நிக்குது. கேட்டீரா?"

கேட்டேன். யாரிடம் சொல்கிறார் என்பதை டீச்சர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வார்டில் ஒலிபெருக்கி கட்டுகிறவன் என்னால்தான் தொழில் படுத்துவிட்டது என்று புலம்புவான். பாறசாலையில் ஒருவர் தும்மினால் நெய்யாற்றின்கரையில் மருந்து கொடுக்க ஆள் தேடுகிறவன் நான். இந்த வாயையா ஒரு மாதம் பூட்டி வைப்பது?

ஜூன் 15

ஞாயிறு. இன்று யாரிடமும் சொல்லவில்லை. திருப்பலி முடிந்ததும் ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 19

அலுவலகத்தில் டீ நேரம். "என்ன ததேயூஸ் சாரே, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு மாதிரியான வாய்வுபோல அது தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பல்லுவலி" என்றேன். என்ன அருமையான யோசனை! வீட்டிலும் அதையே சொல்லிவிட்டேன். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அலைகிறேன். பேச வேண்டியதில்லை, எல்லோரும் இரக்கப்படுகிறார்கள், சிசிலி கஞ்சி காய்ச்சித் தருகிறாள்.

ஜூன் 21

சிசிலி என்னைப் பல் வைத்தியரிடம் இழுத்துப் போனாள்.

எந்தப் பல் என்று கேட்டார். இல்லாத வலிக்கு எந்தப் பல்லைக் காட்டுவது? குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, "இது போச்சு சேட்டா, எடுக்கணும்" என்றார். நான் மறுக்க வாயைத் திறந்தேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஜூன் 22

திருமதி சத்யபாமா டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். பேசத்தான் முடியவில்லை, முறைக்க முடிந்தது.

ஜூன் 27, வெள்ளி

இங்கிலாந்தில் மார்ஜரி என்று ஒரு அம்மாள், பழைய கடற்படைப் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாராம். டீச்சர் எழுதிக் கேட்டதற்கு இன்று நீளமாகப் பதில் வந்திருக்கிறது. டீச்சர் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் ஒரு பலாப்பழச் சுளைக்குக்கூடக் கை நீட்டவில்லை.

நத்தானியேல் பாஸ்கோம்ப். பிறந்தது 1794. பன்னிரண்டு வயதில் எழுபத்துநாலு பீரங்கி வைத்த பாய்க்கப்பலில் ஏறினார். (அந்த வயதில் எனக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி.) ஆடுகிற பாய்மரத்தின் உச்சிக்கு ஏறிப் பாயைச் சுருட்ட வேண்டும், மழையானாலும் புயலானாலும். மிட்ஷிப்மன் என்பது அதிகாரி ஆவதற்கு முந்தைய படி. அந்தப் படியில் இருக்கும்போதுதான் 1811இல் ஜாவாவில் சண்டை. படகில் போய்க் கரையிலிருந்த பீரங்கி மேட்டைப் பிடித்தார்கள். ஒரு குண்டு படகின் விளிம்பைச் சிதறடிக்க, மரச்சிம்பு இவர் தொடையில் இறங்கிற்று. கப்பல் வைத்தியர் மயக்க மருந்தாக ஒரு குவளை ரம் கொடுத்து அதை வெட்டி எடுத்தார். எனக்கு ஊசி போட்டும் நான் போட்ட கூச்சலை நினைத்து வெட்கப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கப்பல் புயலில் பாறையில் மோதி உடைந்தது. பாஸ்கோம்ப் மிதந்து வந்த கோழிக்கூட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு பகல், ஒரு இரவு. கரை ஒதுங்கியபோது கூட்டுக்குள் ஒரே ஒரு கோழி உயிரோடு இருந்ததாம். ஆள் பட்டினி. கோழியைத் தின்னவில்லை. கப்பலின் பண்டகக்காரரைத் தேடிப் பிடித்து, கோழியை ஒப்படைத்து, ரசீது கேட்டிருக்கிறார்! அரசாங்கச் சொத்து ஆக்கும்! கேப்டன் தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

1815 பிப்ரவரியில் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. அதே வருடம் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த நீண்ட போர் முடிந்தது. கப்பல்களைத் துறையில் கட்டிப்போட்டு, அதிகாரிகளை அரைச்சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தவர்கள் மேலே போனார்கள். இவருக்கு ஒரு கோழியின் சிபாரிசு மட்டுமே இருந்தது. சாகும்வரை, நாற்பத்தேழு வருடம், லெப்டினன்ட்.

பதக்கம் என்று ஒன்று அறிவித்ததே 1847இல்தானாம். ஜாவா நடந்து முப்பத்தாறு வருடம்! அதுவும் உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பம் போட்டால்தான். போட்டார். 1849இல் கையில் கிடைத்தது. அடுத்த வருடமே ஐம்பத்தாறு வயதில் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து, மிளகும் கயிறும் ஏற்ற வரும் கப்பல்களுக்குக் கரையில் நின்று கொடி காட்டும் வேலையில் சேர்ந்திருக்கிறார். 1862இல் இங்கேயே எங்கோ இறந்தார். பிள்ளைகுட்டி இல்லை. கல்லறை எதுவென்று தெரியவில்லை.

பதக்கம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று மார்ஜரி அம்மாள் கேட்டிருக்கிறார். சுறா வயிற்றிலிருந்து என்று பதில் எழுதச் சொன்னேன்.

ஜூலை 3

இரவும் பகலும் பாஸ்கோம்ப்தான் மனதில். நானும் இருபத்தேழு வருடத்தில் ஒரே ஒரு பதவி உயர்வு கண்டவன். என் மேலே இருக்கிறவர்கள் தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிறார்கள். நான் எப்போது மேலே போவது?

ஆனால் கோழிக்கு ரசீது? நான் தின்றிருப்பேன். இறகு ஒப்படைத்திருப்பேன், "இயற்கைச் சேதாரம்" என்று குறிப்பெழுதி.

ஜூலை 8

ஜெஸ்மி வந்துவிட்டாள். கால் வீக்கம். மாடிப்படி ஏறுவதில்லை. மருமகன் சிபினுக்குக் கத்தாரில் லீவு கிடைப்பது பிள்ளை பிறந்த பிறகுதான். பதக்கத்தைக் கையில் வைத்துக் கொண்டையை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இந்த மாதா மொகம் எப்பமும் ஒரு மாதிரி கெறுவா இருக்கும், கண்டியளா? நான் சின்னதுல பேடிப்பேன்."

ராணியல்லவா, கெறுவும் செருக்கும் இல்லாமல் இருக்குமா— என்று நாக்கின் நுனிவரை வந்தது. இன்னொரு பல் பிடுங்க வேண்டியிருக்கும் என்று நினைத்து விழுங்கினேன்.

அவள் இரண்டு கையாலும் அதைப் பொத்தி வைத்திருந்த விதம். போன வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளே, அதுதான் நினைவு வந்தது. இதை நான் அவளிடமிருந்து எப்படிப் பறிப்பேன். வாயே, சும்மா இரு.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு வலி. சிசிலி பதக்கத்தைத் தண்ணீரில் முக்கிக் குடிக்கக் கொடுத்து, கையில் கட்டினாள். ஆட்டோவில் நெய்யாற்றின்கரை. பத்து மணிவரை நன்றாக இருந்தாள். பிரசவ அறைக்குள் போகும் நேரம் நர்ஸ் வந்து கயிற்றைத் தொட்டார். "மோளே, இதொந்நும் அகத்து பற்றில்ல. ஊரித் தா." உள்ளே இதெல்லாம் கூடாதாம். வளை, கம்மல், கயிறு எல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் தந்துவிட்டார்.

ஜெஸ்மி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது இல்லாம நான் போவமாட்டேன்." அழுகை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கொஞ்சம் அமைதிப்படுத்துங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனார். சிசிலி திரைக்கு அந்தப் பக்கம் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வேன்? தலையைத் தடவினேன். சினிமாக் கதை சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாதா இல்லாம இதும் போயிரும்பா," என்றாள்.

அப்போதுதான் அது வெளியே விழுந்தது. நான் சொல்லவில்லை. விழுந்தது.

"மக்கா, அது மாதாவே இல்ல."

அழுகை நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கை நானே அறுத்துப் போடலாம் போலிருந்தது. நடுக்கடலில் குதித்தாகிவிட்டது, இனி நீந்தத்தானே வேண்டும்? விளிம்பில் பெயர், ராணி, ஜாவா, தொடையில் சிம்பு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். கோழிக்கூட்டில் மிதந்த இடத்துக்கு வந்தபோது ஒரு வலி வந்து போயிற்று. "பெறவு?" என்றாள், பல்லைக் கடித்தபடி. கோழிக்கு ரசீது கேட்டதைச் சொன்னேன்.

சிரித்தாள். என் மகள், சத்தியமாக, கட்டில் குலுங்கச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ பொழியூர்ல அத்தன பேரும் தானாத்தான் பெத்தாங்களாப்பா? அம்மாவும்?"

"ஆமா மக்கா. ஒரு ராணியும் தொணைக்கு வரல்ல."

"அப்பிடின்னா நானும் பெத்துருவேன்." கம்பியை விட்டுவிட்டாள்.

மூன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு பேரும் நலம்.

கவரைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நின்று நான் அழுதது பாறசாலை வரை தெரிந்திருக்கும்.

ஜூலை 16

திரை துணியால் ஆனது. சிசிலி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் பேசவில்லை.

ஜூலை 18

மூன்றாம் நாளாகப் பேச்சில்லை. குழந்தையிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்கிறாள். "கொச்சே, ஒன் அப்பூப்பனுக்குச் சோறு மேசயில இருக்கு." குழந்தை எனக்குத் தகவல் தெரிவிக்கவில்லை, நானே போய்ச் சாப்பிட்டேன்.

ஜூலை 20

இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "என்கிட்ட எதுக்கு மறைச்சிய?"

"ஒனக்குச் சங்கடமாவும்னுதான் பிள்ளே."

"இருபத்தொம்பது வருஷத்துல நீங்க மறச்சு வச்ச ஒரே காரியம். அதுக்கொரு பல்லும் போச்சு." உதட்டைக் கடித்து அடக்கினாள். அடங்கவில்லை.

மறுபடி முகம் மாறிற்று. இத்தனை பேர் இத்தனை காலம் செபித்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. அவளே பதில் சொல்லிக்கொண்டாள். "நான் செபிச்சது மாதாவ. கொண்டக்காரிய இல்ல. அது மாதாவுக்குத் தெரியாதா?"

பிறகு, "அந்த வெள்ளக்கார சாயிப்புக்கு ஒரு பூச வைக்கவாவது ஆளு உண்டுமா?" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

பாதிரியார் முதலில் யோசித்தாராம். ஆள் கத்தோலிக்கர் இல்லையே? சிசிலி விடவில்லை: "அங்க போன பெறவு அட்டை கேப்பாங்களா ஃபாதர்?" எழுதிக்கொண்டார்.

இன்றைய திருப்பலிக் கருத்துகளை வாசித்தார்கள். தங்கபாய் ஆன்மா இளைப்பாற. மரியசூசை ஆன்மா இளைப்பாற. பிறகு ஒரு நீண்ட தயக்கம். நத்தானியேல் பாஸ்கோம்ப் ஆன்மா இளைப்பாற.

கோவில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஏன் என்னை? நான் ஒரு வார்த்தை பேசவில்லையே.

வெளியே வந்ததும் பேசினேன். முற்றத்தில் ஒன்றரை மணி நேரம். சேர்த்து வைத்தது அத்தனையும்.

ஆகஸ்ட் 10

ஞானஸ்நானம். பெயர் டெல்னா. விக்டோரியா என்று வைக்கலாமே என்றேன். சிசிலி அகப்பையைத் தூக்கினாள். சிபின் வயிறு வலிக்கச் சிரித்தான், அவன் மாமனார் அடிவாங்குவதைப் பார்க்கத்தான் விமானம் ஏறி வந்ததுபோல.

பதக்கத்தை என்ன செய்வது? மார்ஜரி அம்மாள், எங்காவது காட்சிக்கூடத்தில் வைத்தால் நல்லது என்று எழுதியிருக்கிறார். சிசிலி அதை மறுபடி பெட்டியில் வைத்தாள். இனி யார் கேட்டு வரப்போகிறார்கள், ஊருக்கே தெரிந்துபோயிற்றே. அந்த ஊரில் பாதிக்கு நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 21

காலை ஏழு மணிக்கு ஒரு ஆட்டோ. குன்னத்துகாலிலிருந்து ரேஷ்மியின் மாமியார். ரேஷ்மிக்கு முதல் பிரசவம், விடியலிலிருந்து வலி, பயந்து அழுகிறாளாம். பதக்கம் வேண்டும்.

சிசிலி அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "சேச்சி, அறிஞ்சிருப்பியளே. இது மாதா இல்ல. பழைய கப்பல்கார சாயிப்புக்கக் காசாக்கும்."

"அறிவேன், எல்லாம் அறிவேன்." அந்த அம்மாள் என்னைக் கைகாட்டினார். "ஆஸ்பத்திரில இவரு கத சொன்னப்போ அடுத்த கட்டில்ல கெடந்தது எனக்க தங்கச்சி மகளாக்கும். சிரிச்சு சிரிச்சுப் பெத்தாளாம். ரேஷ்மி அந்தக் கதயையும் சேத்துத்தான் கேக்குறா."

சிசிலி என்னை மேலும் கீழும் பார்த்தாள். இருபத்தொன்பது வருடமாகத் தாழ்வாரத்தில் கிடந்த ஒரு பழைய சாமானுக்குத் திடீரென்று ஆள் கேட்டு வந்தால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படி. உள்ளே போய்ப் பதக்கத்தைப் புதுக் கயிற்றில் கோத்து எடுத்துவந்தாள். கூடவே எனக்காக வெளுத்து வைத்திருந்த சட்டையையும்.

இதை எழுதும்போது ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். சிசிலி வாசலில் நின்று அந்த அம்மாளிடம் நிபந்தனையைச் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது.

"பிள்ள பெறந்த ஒடனே திருப்பிக் கொண்டு தந்திரணும், கேட்டியளா? ரெண்டையும்."